மன்னன் எண்ணாத எண்

நுழையும்முன்

தமிழில் 'எண்' என்னும் சொல் இரு பொருள் தரும். அளவைக் காட்டும் எண்ணுக்கும் அதுவே பெயர். 'நினைத்துப் பார்' என்பதற்கும் அதுவே சொல். எண்ணுதல் என்றால் ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுதல். எண்ணுதல் என்றால் சிந்தித்தல். இவ்விரண்டும் ஏன் ஒரே சொல்லில் அடங்கின என்பதை ஒரு மன்னனின் கதையும், ஒரு கணித மேதையின் பிழையும், இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணும் விளக்குகின்றன.

அம்பலப்புழைக் கதை

கேரள மாநிலத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் அம்பலப்புழை என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கிருஷ்ணன் கோயிலில் வழங்கப்படும் பால்பாயசம் புகழ் பெற்றது. அப்பாயசத்தோடு சேர்த்து ஒரு கதையும் அங்கு வழங்கி வருகிறது.

முன்னொரு காலத்தில் அப்பகுதியை ஆண்ட மன்னன் சதுரங்க ஆட்டத்தில் பெருவிருப்பம் கொண்டவன். ஒருநாள் முதிய துறவி ஒருவர் அவனுடன் ஆட வந்தார்.

"பெரியவரே, தாங்கள் வென்றால் என்ன பரிசு வேண்டும்?" என்று மன்னன் கேட்டான்.

"மன்னா, எனக்குப் பொன்னும் பொருளும் வேண்டா. சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஓர் அரிசி வைக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாம் கட்டத்தில் நான்கு, நான்காம் கட்டத்தில் எட்டு என ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்தைப் போல் இருமடங்கு வைக்க வேண்டும். அறுபத்து நான்கு கட்டங்களும் நிறைந்தால் போதும்" என்றார் துறவி.

மன்னன் நகைத்தான். இவ்வளவு சிறிய பரிசைக் கேட்பது தன் செல்வத்துக்கே இழுக்கு என்று கருதினான். எனினும் வாக்களித்தான். ஆட்டத்தில் தோற்றான். அரிசி கொண்டுவரப்பட்டது. சில வரிசைகள் நிறைவதற்குள் களஞ்சியம் வெறுமையாயிற்று. மன்னன் திகைத்து நின்றபோது, துறவி தம் உண்மை வடிவைக் காட்டினார்; வந்தவர் கண்ணனே. கடனை ஒரே நாளில் தீர்க்க வேண்டியதில்லை என்றும், கோயிலுக்கு வருவோர்க்கு நாள்தோறும் பாயசம் வழங்கித் தீர்க்கலாம் என்றும் அவர் கூறியதாகக் கதை முடிகிறது.

இக்கதை பல நாடுகளில் பல வடிவங்களில் வழங்குகிறது. மேற்காசியாவில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை வரும். துறவிக்குப் பதிலாக அறிஞர் ஒருவர் வருவார். கதைமாந்தர் மாறினாலும் கணக்கு மாறுவதில்லை.

வரிசைதோறும் வளரும் அரிசி

சதுரங்கப் பலகையில் எட்டு வரிசைகள். வரிசைக்கு எட்டுக் கட்டங்கள். நாற்பது அரிசி சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிராம் எடை வரும் எனக் கொள்ளலாம்.

முதல் வரிசையில் வைக்க வேண்டியவை 1, 2, 4, 8, 16, 32, 64, 128. அவற்றின் கூட்டுத்தொகை 255. இஃது ஆறு கிராமுக்குச் சற்று மிகுதி. ஒரு கைப்பிடியில் அடங்கிவிடும். மன்னன் நகைத்ததில் வியப்பில்லை.

இரண்டாம் வரிசை நிறைந்ததும் மொத்தம் 65535 அரிசி. எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அரண்மனைச் சமையலறையில் ஒரு வேளைக்கும் இது போதாது.

மூன்றாம் வரிசையின் முடிவில் எடை ஏறத்தாழ 420 கிலோ. ஐம்பது கிலோ கொள்ளும் மூட்டைகள் எட்டுக்கு மேல் வேண்டும்.

நான்காம் வரிசையின் முடிவில் எடை ஏறத்தாழ 107 டன். பத்து டன் ஏற்றும் லாரிகள் பதினொன்று வேண்டும். பலகையில் இன்னும் பாதி வெறுமையாக உள்ளது.

ஒவ்வொரு வரிசையும் முடியும்போது மொத்தம் ஏறத்தாழ 256 மடங்காகிறது. ஏழாம் வரிசையின் முடிவில் ஏறத்தாழ 180 கோடி டன் வேண்டும். இக்காலத்தில் உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன்னே. எட்டாம் வரிசையும் நிறைய 46,000 கோடி டன்னுக்கு மேல் தேவை. இன்றைய உலகின் விளைச்சல் அனைத்தையும் ஒரு பிடியும் உண்ணாமல் சேர்த்தாலும் அக்கடனைத் தீர்க்க ஏறத்தாழ 900 ஆண்டுகள் ஆகும்.

கூட்டாமலே கூட்டும் வழி

அறுபத்து நான்கு எண்களையும் எழுதிக் கூட்டுவது பெருந்தொல்லை. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முதல் இரண்டு கட்டங்களில் உள்ளவை 1 + 2 = 3; அடுத்த கட்டத்தில் இருப்பது 4. முதல் மூன்று கட்டங்களில் உள்ளவை 7. அடுத்த கட்டத்தில் இருப்பது 8. முதல் நான்கில் 15, அடுத்ததில் 16. ஆகவே எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதற்கு முன்னுள்ள எல்லாக் கட்டங்களின் மொத்தத்தைவிட அதில் ஒன்றே ஒன்று மிகுதி. அறுபத்து நான்கு கட்டங்களின் மொத்தம் வேண்டுமானால், இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்தின் எண்ணைக் கண்டு, ஒன்றைக் கழித்தால் போதும்.

அந்த எண்ணையும் விரைவாகக் காணலாம். 2ஐ அதனாலேயே பெருக்கினால் 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16. இவ்வாறே 256, 65536, 4294967296 என்று ஏறி, ஆறாம் பெருக்கலில் 18446744073709551616 கிடைக்கும். அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது:

18446744073709551615

கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த அல்-பிரூனி என்னும் அறிஞர், காலக்கணக்கு பற்றிய தம் நூலில் இவ்வெண்ணைப் பிழையின்றித் தந்துள்ளார். கணினியோ கணிப்பானோ இல்லாத காலம் அது.

இவ்வெண்ணைத் தமிழில் படிக்க, வலப்பக்கத்திலிருந்து ஏழேழு இலக்கங்களாகப் பிரிக்க வேண்டும். 184467, 4407370, 9551615 என மூன்று பகுதிகள் கிடைக்கும். அவற்றை, 'ஓர் இலட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி; நாற்பத்து நான்கு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி; தொண்ணூற்றைந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து' என்று படிக்கலாம். நொடிக்கு ஓர் அரிசியாக எண்ணினால், எண்ணி முடிக்க ஏறத்தாழ 58,400 கோடி ஆண்டுகள் ஆகும். பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளே.

எண்ணின் உள்ளே

பெரிய எண்ணைக் கண்டு வியப்பது முதற்படி. அது எவ்வெவ்வெண்களால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த படி.

இவ்வெண்ணின் இறுதி இலக்கம் 5. ஆகவே அது 5ஆல் வகுபடும். இலக்கங்கள் யாவற்றையும் கூட்டினால் 87 வரும். 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆகவே இவ்வெண்ணும் 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது.

மற்றக் காரணிகளைக் காண ஒரு சிறு விதி உதவும். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் விடை, அவ்வெண்ணுக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கினால் வரும் விடைக்குச் சமம். எடுத்துக்காட்டாக, 4 × 4 − 1 = 15; அது 3 × 5. இவ்விதியைப் பலகையின் மீது பொருத்திப் பார்க்கலாம்.

முதல் 2 கட்டங்களின் மொத்தம்: 3
முதல் 4 கட்டங்கள்: 15 = 3 × 5
முதல் 8 கட்டங்கள்: 255 = 15 × 17
முதல் 16 கட்டங்கள்: 65535 = 255 × 257
முதல் 32 கட்டங்கள்: 4294967295 = 65535 × 65537
64 கட்டங்கள்: 4294967295 × 4294967297

கட்டங்கள் இரட்டிக்கும்போதெல்லாம் பழைய காரணிகள் அப்படியே இருக்க, புதிய காரணி ஒன்று வந்து சேர்கிறது. எனவே மன்னனின் கடன் 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கற்பலன். இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். அதாவது ஒன்றாலும் தம்மாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாதவை. அவ்வாறாயின் ஆறாவது எண்?

ஃபெர்மாவின் நம்பிக்கை

இக்கேள்வியில் சிக்கியவர் சாதாரண மனிதர் அல்லர். பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியேர் தெ ஃபெர்மா, எண்ணியலில் ஒப்பற்ற மேதை. அவர் 3, 5, 17, 257, 65537 என்னும் வரிசையை ஆராய்ந்தார். ஐந்தும் பகா எண்களாக இருக்கக் கண்டார். ஆறாவதும், ஏழாவதும், அதற்கு மேல் வருவன யாவும் பகா எண்களாகவே இருக்கும் என்று 1640ஆம் ஆண்டில் தம் நம்பிக்கையை எழுதினார். அதை நிறுவும் வழி தமக்குக் கிட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கடந்தன. 1732ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயது நிரம்பிய ஆய்லர், அந்த ஆறாவது எண்ணின் காரணிகளை வெளியிட்டார்.

4294967297 = 641 × 6700417

ஒரே ஒரு பெருக்கல், ஒரு மேதையின் நம்பிக்கையைத் தகர்த்தது. ஆறாவது எண் பகா எண் அன்று, பகு எண்.

641 என்னும் காரணியை எவ்வாறு கண்டறிவது? 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட வகுத்தல்கள் செய்ய வேண்டும். ஆனால் ஆறாவது எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும், 64ஆல் வகுக்கப்படும்போது மீதி 1 தரும் என்பதை ஆய்லர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் மிகச் சிலவே: 193, 257, 449, 577, 641. ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டிவிடும். நன்கு எண்ணிய பின் எண்ணத் தொடங்கினால் உழைப்பு எவ்வளவு குறைகிறது என்பதற்கு இதுவே சான்று.

6700417 ஒரு பகா எண். ஆகவே அரிசிக் கணக்கின் முழு வடிவம் இது:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

வெவ்வேறான ஏழு பகா எண்கள். ஒன்றும் இருமுறை வரவில்லை. ஏழு எண்களில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம், அல்லது விடலாம். எனவே இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. முதல் வரிசையின் இறுதிக் கட்டத்தில் மன்னன் வைத்த அரிசியின் எண்ணிக்கையும் 128 என்பது இனிய பொருத்தம்.

65537க்குப் பின் இவ்வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கண்டறியப்படவில்லை. 'எல்லாம் பகா எண்கள்' என்று கருதப்பட்ட வரிசையில் முதல் ஐந்துக்குப் பின் ஒன்றும் அகப்படவில்லை.

பாதிப் பலகையின் சிறப்பு

ஃபெர்மாவின் கணிப்புப் பொய்த்தாலும் அவர் ஆராய்ந்த எண்கள் வீணாகவில்லை. 1796ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதும் நிரம்பாத காஸ் என்னும் ஜெர்மானிய இளைஞர், அளவு குறிக்கப்படாத அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு, பதினேழு பக்கங்களும் சமமான ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று காட்டினார். ஈராயிரம் ஆண்டுகளாக எவரும் அறியாத செய்தி அது. அவ்வாறு வரைய முடிவதற்குக் காரணம், 17 அந்த ஐந்து பகா எண்களுள் ஒன்றாக இருப்பதே. ஏழு பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அக்கருவிகளால் சரியாக வரைய இயலாது.

ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்டு, இம்முறையில் வரையத்தக்கவை என அறியப்பட்ட ஒழுங்குப் பலகோணங்களுள் மிகப் பெரியது, அந்த ஐந்து பகா எண்களையும் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்டது. அவ்வெண் 4294967295. சதுரங்கப் பலகையின் முதற்பாதியில் உள்ள அரிசியின் எண்ணிக்கையும் அதுவே!

கணினியில் மன்னனின் கடன்

கணினி 0, 1 என்னும் இரண்டு குறிகளைக் கொண்டே எண்களைப் பதிவு செய்கிறது. ஒரு குறிக்குரிய இடம் 'பிட்' எனப்படும். ஒவ்வோர் இடத்தின் மதிப்பும் வலப்பக்கத்து இடத்தின் மதிப்பைப் போல் இருமடங்கு. சதுரங்கக் கட்டங்களும் அவ்வாறே அமைந்தன. இன்றைய கணினிகள் பல, ஓர் எண்ணுக்கு 64 பிட் இடம் ஒதுக்குகின்றன. அறுபத்து நான்கு இடங்களிலும் 1 இருந்தால், அதுவே அவ்விடத்தில் அடங்கும் மிகப் பெரிய முழு எண். அது 18446744073709551615. மன்னனால் அளந்து கொடுக்க இயலாத கடன், இன்று விரல்நுனியளவு சில்லில் அறுபத்து நான்கு குறிகளாக அடங்கிவிடுகிறது.

எண்ணுதல் என்பது

மன்னன் முதல் வரிசையின் அரிசியை மனத்திற்கொண்டு முழுப் பலகையையும் மதிப்பிட்டான். ஃபெர்மா முதல் ஐந்து எண்களைக் கண்டு முடிவிலா வரிசையை மதிப்பிட்டார். இருவரையும் தொடக்கமே ஏமாற்றியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மன்னன் அறியாமலேயே வாக்களித்தான். ஃபெர்மாவோ தாம் இன்னும் நிறுவவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மையே பின்வந்த ஆய்லருக்கு வழியைத் திறந்து வைத்தது.

சில எடுத்துக்காட்டுகள் பொருந்தினால் போதாது. இறுதிவரை பொருந்துமா என்று ஆராய வேண்டும். அவ்வாறு ஆராய்வதற்குத் தமிழ் வைத்த பெயர்தான் எண்ணுதல்.

சொல்லும் பொருளும்

களஞ்சியம் – தானியம் சேமித்து வைக்கும் இடம்
இழுக்கு – குறை, இகழ்ச்சி
காரணி – ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்
பகு எண் – ஒன்றும் தானும் அல்லாத வேறு காரணிகளும் உடைய எண்
நிறுவுதல் – ஐயமின்றி மெய்ப்பித்தல்
கவராயம் – வட்டம் வரையும் கருவி
பேரண்டம் – விண்மீன் கூட்டங்கள் யாவும் அடங்கிய வெளி

மொழியறிவோம்

எண்ணுப்பெயர்கள் சேரும்போது அவற்றின் வடிவம் மாறும்.

மூன்று + நூறு = முந்நூறு
நான்கு + நூறு = நானூறு
ஆறு + பத்து = அறுபது
எட்டு + பத்து = எண்பது

உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஓர்' வரும். உயிர்மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'ஒரு' வரும். (ஓர் அரிசி, ஓர் எண், ஒரு கட்டம், ஒரு வரிசை)

தமிழ் எண்குறிகளில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱ எனத் தனிக்குறிகள் உண்டு. பழைய முறையில் அறுபத்து நான்கை ௬௰௪ என எழுதுவர்.

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. முதல் வரிசையில் உள்ள அரிசியின் மொத்த எண்ணிக்கை ________.
2. ஃபெர்மாவின் வரிசையில் ஆறாவது எண்ணின் காரணிகளை வெளியிட்டவர் ________.
3. ________ பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று காஸ் காட்டினார்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. மன்னன் துறவியின் வேண்டுகோளைக் கேட்டு நகைத்தது ஏன்?
2. 18446744073709551615 என்னும் எண் 3ஆல் வகுபடும் என்பதை வகுக்காமலே எவ்வாறு அறியலாம்?
3. மன்னனின் பிழைக்கும் ஃபெர்மாவின் பிழைக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமை யாவை?

இ. கணக்கிட்டு எழுதுக.

1. 641ஐ 6700417ஆல் பெருக்கி, ஆய்லரின் விடையைச் சரிபார்க்க.
2. பத்தாம் கட்டத்தில் எத்தனை அரிசி? முதல் பத்துக் கட்டங்களின் மொத்தம் எவ்வளவு?
3. 641 என்னும் எண்ணைத் தமிழ்ச் சொற்களிலும், பழைய முறைத் தமிழ் எண்குறிகளிலும் எழுதுக.

ஈ. சேர்த்து எழுதுக.

1. ஏழு + பத்து 2. ஐந்து + நூறு 3. ஆறு + நூறு

உ. கேட்டறிந்து எழுதுக.

படி, மரக்கால் ஆகிய பழைய அளவைகளைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக. நூறு, ஆயிரம், இலட்சம், கோடி ஆகியவற்றுக்கு வாழும் மாநிலத்தின் மொழியில் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, தமிழ்ப் பெயர்களுடன் ஒப்பிடுக.